அந்தக் கூரையின் கீழ் யார் நின்றார்கள்? பம்பாய் மில் வானத்தின் வரலாறு

போன டிசம்பரில் எங்கள் வாசிப்பு வட்டத்து மாணவர்கள் சிலர் மும்பை சைத்யபூமிக்குப் போய் வந்தார்கள். டிசம்பர் 6, அண்ணலின் நினைவு நாள். திரும்பி வந்த வாரத்தில் எல்லோரும் உட்கார்ந்து செல்போனில் எடுத்த படங்களைப் பார்த்தோம். நீலக் கொடிகள், புத்தகக் கடைகள், சிவாஜி பார்க் புழுதியில் பிள்ளைகளோடு படுத்துறங்கும் குடும்பங்கள், மெழுகுவத்தி ஏந்திய பாட்டிகள். அவற்றுக்கு நடுவே ஒட்டாமல் ஒரு படம் வந்தது. லோயர் பரேலில் ஒரு பெரிய மால். கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே பழைய மில் புகைபோக்கி ஒன்று நெட்டுக்குத்தாக நிற்கிறது. மாலை வெயில் அதன் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருக்கிறது.

எடுத்த மாணவி தயங்கிக்கொண்டே சொன்னார்: "அழகா இருக்குன்னு எடுத்துட்டேன் தோழர். எடுத்த அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எத்தனை பேரு உழைப்பை உறிஞ்சின இடம் அது. அதைப் போய் அழகுன்னு சொல்லலாமா?"

அன்று இரவு சண்டையே வந்தது. சுரண்டலின் சின்னத்தை ரசிப்பது முதலாளியின் கண்ணால் பார்ப்பது என்றார் ஒருவர். அழகு என்றால் வயலும் வரப்பும் கோயில் கோபுரமும்தான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களே, அது மட்டும் யாருடைய கண் என்று கேட்டார் இன்னொருவர். இரண்டுமே சரியான கேள்விகள். அந்தப் புகைபோக்கியின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

ஊரின் அழகும் ஆலையின் புகையும்

நமக்குப் பாடப்புத்தகத்தில் வந்த ஓவியங்களை நினைத்துப் பாருங்கள். குளம், கோபுரம், தென்னை, ஓட்டு வீடுகள், ஏர் ஓட்டும் உழவர். அந்தச் சட்டத்துக்குள் சேரி வராது. சேரி இருப்பது படம் முடிகிற இடத்துக்கு அப்பால். நம் பாட்டன் அந்தப் படத்தில் இருந்தால், ஏருக்குப் பின்னால், முகம் தெரியாத ஒரு புள்ளியாக இருப்பார். கிராமத்து அழகு என்பதை ஊர்த் தெருவில் நின்று பார்த்தவர்கள் எழுதினார்கள். சுடுகாட்டுப் பாதையிலிருந்து பார்த்தவர்கள் எழுதவில்லை.

1909-ல் காந்தி எழுதிய 'இந்து சுயராஜ்யம்' நூலில் பம்பாய் மில்கள் வருகின்றன. அங்கே வேலை செய்கிறவர்கள் அடிமைகளாகிவிட்டார்கள் என்கிறார். இயந்திரத்தை ஒரு பெரும் பாவமாகவே பார்க்கிறார். மில்லுக்குள் அடிமைத்தனம் இருந்தது உண்மை. ஆனால் மில்லுக்கு வருவதற்கு முன் அந்த மனிதர்கள் எங்கே, யாருக்கு, என்னவாக இருந்தார்கள் என்ற கேள்வி அங்கே எழவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியவர் அம்பேத்கர். 1945-ல் வெளியான 'காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன' நூலில் இயந்திரத்தைப் பற்றி நேராகவே வாதிடுகிறார். மனிதனுக்கும் விலங்குக்கும் உள்ள வேறுபாடு பண்பாடு. பண்பாட்டுக்கு ஓய்வு வேண்டும். எல்லோருக்கும் ஓய்வு கிடைக்க வேண்டுமென்றால் மனிதன் செய்யும் பாரத்தை இயந்திரம் சுமக்க வேண்டும். தவறு இயந்திரத்தில் இல்லை, அதன் பலனை ஒரு சிலர் மட்டும் அள்ளிக்கொள்ளும் சமூக அமைப்பில் இருக்கிறது. இதுதான் அவர் வாதத்தின் சாரம். அவர் இதை எழுதியதோடு நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, ஆலைகளின் வாராந்திர வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் திருத்தத்தைக் கொண்டுவந்தார். 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, இந்தியக் கிராமத்தைப் போற்றிப் பாடியவர்களை அவர் எப்படி எதிர்கொண்டார் என்பது நீங்கள் அறிந்ததே.

ஆகவே தோழர்களே, புகைபோக்கி நமக்கு வெறும் சுரண்டல் சின்னம் இல்லை. கொங்கணக் கரையிலிருந்தும் தக்காணத்து வறண்ட மாவட்டங்களிலிருந்தும் கிளம்பிவந்த மகர், மாங், சாம்பார் குடும்பங்களுக்கு அது தூரத்திலிருந்து தெரிந்த அடையாளம். அங்கே போனால் கூலி தானியமாக அல்ல, காசாகக் கிடைக்கும். செத்த மாட்டை இழுக்கச் சொல்லிக் கதவைத் தட்ட ஊர்த் தலைவன் வரமாட்டான். நடக்கும்போது யாருக்காகவும் ஒதுங்க வேண்டாம். அந்தக் கரும்புகையைப் பார்த்து ஒருவர் மனம் லேசானது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை.

வானத்தில் வரைந்த கோடு

1854-ல் காவஸ்ஜி தாவர் என்ற பார்சி வணிகர் பம்பாயின் முதல் பஞ்சாலையைத் தொடங்கினார். தார்தேவ் பகுதியில் 1856-ல் அது ஓட ஆரம்பித்தது. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பஞ்சு போகவில்லை. பம்பாய்ப் பஞ்சின் விலை ஏறியது. வணிகர்கள் கையில் பணம் குவிந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா என்று தீவின் நடுப்பகுதி முழுக்க மில்கள் முளைத்தன. சுமார் 600 ஏக்கர். மராத்தியில் அந்தப் பகுதிக்கே 'கிரண்காவ்', அதாவது மில்களின் ஊர், என்று பெயர் வந்தது.

அந்தக் காலத்துப் பம்பாயை உயரத்திலிருந்து பார்த்தால் இரண்டு வடிவங்கள் கண்ணில் படும். ஒன்று, புகைபோக்கி. கொதிகலனில் கரி எரிந்து நீராவி உண்டாகி அந்த நீராவிதான் மில் முழுவதையும் ஓட்டியது. புகையை மேலே இழுக்க உயரம் தேவைப்பட்டது. இன்னொன்று, ரம்பப் பல் போல வரிசையாக ஏறி இறங்கும் கூரை.

இந்தக் கூரையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நூற்பு இயந்திரங்களைப் பல மாடிக் கட்டடத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கலாம். தறியை அப்படி வைப்பது கடினம். நூற்றுக்கணக்கான விசைத்தறிகள் ஒன்றாக அடித்தால் தளமே அதிரும். அதனால் நெசவுக் கொட்டகையைத் தரைமட்டத்தில் அகலமாகக் கட்டினார்கள். அகலமான கட்டடத்தின் நடுவில் இருட்டாக இருக்கும். நெசவாளிக்கோ அறுந்த ஒரு இழை கூடக் கண்ணில் பட வேண்டும். எனவே கூரையை வரிசை வரிசையாகச் சாய்த்து, ஒவ்வொரு வரிசையிலும் வடக்கு நோக்கிக் கண்ணாடி பதித்தார்கள். வடக்கிலிருந்து வரும் வெளிச்சத்தில் கூசும் வெயிலும் இருக்காது, கறுத்த நிழலும் இருக்காது. நாள் முழுக்க ஒரே சீரான ஒளி. உலகம் முழுக்க ஆலைக் கட்டடக் கலையின் மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று இது.

இப்போது அந்த மாணவி கேட்ட கேள்விக்கு வருவோம். அந்த அழகான ஒளியில் யார் நின்றார்கள்?

பெரும்பாலான மில்களில் நாம் நிற்கவில்லை. நம்மை நிற்க விடவில்லை.

உதட்டில் தொட்ட நூல்

தறியில் பாவு நூலுக்குக் குறுக்கே ஊடை நூலைக் கொண்டுபோவது நாடா. நாடாவுக்குள் ஊடை சுற்றிய தார் இருக்கும். விசைத்தறி வேகமாக ஓடும்போது தார் சீக்கிரம் தீர்ந்துவிடும். நெசவாளி புதுத் தாரைப் போட்டு, அதன் நூல் நுனியை நாடாவின் பக்கத்தில் உள்ள சின்னக் கண் வழியாக வெளியே எடுக்க வேண்டும். விரலால் எடுத்தால் நேரமாகும். உதட்டைக் கண்ணில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சினால் நூல் வாய்க்கு வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை இப்படிச் செய்ய வேண்டும். லங்காஷயர் மில்களில் இதற்கு 'நாடாவை முத்தமிடுவது' என்று பெயர்.

பம்பாயில் அந்த முத்தத்துக்குள் சாதி புகுந்தது. ஒரு தறியில் பகலில் ஒருவர் வேலை செய்வார், வேறு நேரத்தில் இன்னொருவர் வருவார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரின் எச்சில் பட்ட நாடாவில் நாங்கள் வாய் வைப்பதா என்று சாதி இந்து நெசவாளிகள் மறுத்தார்கள். விளைவு, நெசவுப் பிரிவின் கதவு தலித்துகளுக்கு மூடப்பட்டது. அவர்களுக்குக் கிடைத்தது நூற்புப் பிரிவு, குறிப்பாக ரிங் ஸ்பின்னிங். கூலி குறைவு. பஞ்சுத் தூசி அதிகம். நெசவுப் பிரிவோ மில்லிலேயே நல்ல கூலி கிடைத்த இடங்களில் ஒன்று.

இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பஞ்சை நூலாக்கும் வேலையில் நம் விரல் படாத இழையே இல்லை. அதே நூல்தான் தாரில் சுற்றி நெசவுக்குப் போனது. அதைத்தான் சாதி இந்து நெசவாளி உதட்டில் வைத்து உறிஞ்சினார். அப்போது தீட்டு எங்கே போனது? நாம் குறைந்த கூலிக்கு நூற்ற நூலில் தீட்டு இல்லை. அதே நூலைக் கூடுதல் கூலிக்கு நாம் நெய்தால் மட்டும் தீட்டு. தீண்டாமை எச்சிலைப் பற்றியது மட்டும் அல்ல, கூலியைப் பற்றியதும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாடாவில் வாய் வைத்து உறிஞ்சும் பழக்கத்தை வெளிநாடுகளிலும் எதிர்த்தார்கள். அங்கே எதிர்த்ததற்குக் காரணம் நோய். காசநோய் பரவும், பஞ்சுத் தூசியும் சாயமும் உள்ளே போகும் என்றார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-லேயே இதைத் தடை செய்தது. கையால் நூல் கோர்க்கும் நாடாக்களும் அப்போதே இருந்தன. அங்கே பழக்கத்தைத் தடை செய்தார்கள். இங்கே மனிதர்களைத் தடை செய்தார்கள்.

ஆக, அந்த வானவிளிம்பிலேயே சாதி எழுதப்பட்டிருந்தது. பல மாடி நூற்புக் கட்டடத்துக்குள் நாம். ரம்பப் பல் கூரையின் கீழே அவர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மில், ஒரே புகை. படிக்கத் தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் நடுவே ஒரு ஊர்–சேரிக் கோடு தெரியும்.

1928: ஒரு கோரிக்கை

1928 ஏப்ரலில் பம்பாய் மில்களில் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள். ஆறு மாதம் நீடித்தது. கூலி வெட்டு, ஆள் குறைப்பு, ஒரே ஆள் அதிகத் தறிகளைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம், இவைதான் காரணங்கள். கம்யூனிஸ்டுகள் முன்னணியில் இருந்தார்கள். வேலைநிறுத்தக் குழு முதலாளிகளிடம் வைக்க ஒரு கோரிக்கைப் பட்டியல் தயாரித்தது.

அந்தப் பட்டியலில் நெசவுப் பிரிவின் மூடிய கதவைப் பற்றி ஒரு வரி இல்லை.

அண்ணல் அம்பேத்கர் அப்போது பரேலில் இருந்தார். தாமோதர் ஹாலில் அவருடைய அலுவலகம். நூற்புத் தொழிலாளர்கள் அவரிடம் வந்து போனார்கள். அவர் வேலைநிறுத்தத் தலைவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார். எல்லாப் பிரிவிலும் வேலை செய்யும் உரிமை தலித் தொழிலாளர்களுக்கு வேண்டும், அதையும் கோரிக்கைகளில் சேருங்கள், சேர்க்காவிட்டால் எம் மக்களிடம் இதில் பங்கெடுக்க வேண்டாம் என்று சொல்வேன். தலைவர்கள் மனமில்லாமல்தான் சேர்த்தார்கள். முதலாளிகள் முன் அது போனபோது அவர்கள் சிரித்தார்கள். இது அநியாயம் என்றால் அதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்றார்கள்.

அந்தச் சிரிப்பில் ஓர் உண்மை இருந்தது. கதவை மூடியது முதலாளி மட்டும் இல்லை. பக்கத்தில் நின்ற தொழிலாளியும் மூடினார். முதலாளிக்கு அது லாபமாக இருந்ததால் திறக்கவில்லை, அவ்வளவுதான். வர்க்கம் என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் மூடி மறைக்க முடியாது என்று அண்ணல் பின்னாளில் எழுதியதற்குப் பின்னால், புத்தகம் மட்டும் இல்லை, இந்த மில் வாசலும் இருக்கிறது.

1929-ல் மறுபடி வேலைநிறுத்தம் வந்தபோது அவர் அதை எதிர்த்தார். அதைச் சொல்லி அவரைத் தொழிலாளர் விரோதி என்று இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் 1938-ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் மன்மாடில் நடந்த தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், உழைக்கும் மக்களுக்குப் பார்ப்பனியம், முதலாளித்துவம் என்று இரண்டு எதிரிகள் என்று அவர் பேசினார். நவம்பர் 7-ல் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். காம்கார் மைதானத்தில் அம்பேத்கரும் டாங்கேவும் ஒரே மேடையில் நின்றார்கள். வேலைநிறுத்தம் கூடாது என்று அவர் சொன்னதில்லை. போராடச் சேர்ந்து வா, நெய்ய மட்டும் வராதே என்பதைத்தான் ஏற்க மறுத்தார்.

புகைக்குக் கீழே வீடு

மில்லுக்குப் பக்கத்தில் சால் இருந்தது. சால் என்றால் மும்பையில் வரிசை வரிசையாக ஒற்றை அறைகள், முன்னால் ஒரு பொதுத் தாழ்வாரம், கோடியில் பொதுக் குழாயும் கழிப்பறையும். விடியலில் மில் சங்கு ஊதும். 'போங்கா' என்பார்கள். மணிக்கூடு தேவையே இல்லை. எந்த மில்லின் போங்கா எது என்று குழந்தைகளுக்குக் கூடத் தெரியும்.

அம்பேத்கர் வளர்ந்தது இந்தப் புகைக்குக் கீழேதான். பள்ளி நாட்களில் லோயர் பரேலில் ஒரு சாலில் ஒற்றை அறை. அங்கிருந்துதான் 1907-ல் மெட்ரிக் தேறினார். பிறகு பரேலில் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் கட்டிய சாலில் நீண்ட காலம் குடியிருந்தார். 1930-களில் தாதரில் ராஜகிருஹம் கட்டி முடியும் வரை மில் பகுதிதான் அவருக்கு வீடு. கொலம்பியாவிலும் லண்டனிலும் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததும் அங்கேதான். அவர் நகரத்தை நம்பினார் என்றால், மலபார் ஹில் பால்கனியிலிருந்து பார்த்து நம்பவில்லை.

மாங் சமூகத்தில் பிறந்த அண்ணாபாவ் சாட்டே சாங்லிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து குடும்பத்தோடு நடந்தே பம்பாய் வந்து சேர்ந்தவர். மில்லில் வேலை பார்த்தார். பள்ளிப் படிப்பு இல்லை. பிறகு மராத்தியின் பெரும் எழுத்தாளர்களில் ஒருவரானார். 'மும்பைச்சி லாவணி' என்ற அவர் பாடல் ஒரே நகரத்தின் இரண்டு முகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. 1972-ல் நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா' வந்தது. நகரத்தின் சாக்கடையையும் சிவப்பு விளக்கையும் கவிதைக்குள் கொண்டுவந்தபோது, இதெல்லாம் கவிதையா என்று கேட்டார்கள். அழகு என்றால் என்ன என்று தீர்மானிக்கும் அதிகாரம் கை மாறும்போது அப்படித்தான் கேட்பார்கள். தசால் அதே ஆண்டில் தோழர்களோடு சேர்ந்து தலித் பேந்தர்ஸ் இயக்கத்தையும் தொடங்கினார்.

1920-களில் அரசு கட்டிய கான்கிரீட் சால்கள் வொர்லி, நாய்காவ், சிவ்ரி, என்.எம். ஜோஷி மார்க் ஆகிய இடங்களில் 207 கட்டடங்களாக நின்றன. பி.டி.டி. சால்கள் என்று பெயர். வொர்லியில் தலித்துகளும் பிற சாதியினரும் கட்டடம் கட்டடமாகப் பிரிந்து வாழ்ந்தார்கள். 1974 ஜனவரியில் அங்கே பேந்தர்ஸ் கூட்டம் தாக்கப்பட்டு, கலவரம் பல வாரம் நீடித்தது. அதைக் கண்டித்து ஜனவரி 10-ல் ஊர்வலம் போனபோது, மேலே ஒரு கட்டடத்திலிருந்து போடப்பட்ட அரவைக் கல் விழுந்து பகவத் ஜாதவ் என்ற இளம் தோழர் உயிரிழந்தார். கிராமத்தில் தெருவால் பிரித்தவர்கள் நகரத்தில் மாடியால் பிரித்தார்கள். நகரத்தின் உயரங்களை நாம் ரசிக்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும். உயரத்தில் இருப்பவர் கையில் எப்போதும் ஒரு கல் இருக்க வாய்ப்புண்டு.

புகை நின்ற பிறகு

1982 ஜனவரி 18-ல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் பெறப்படவே இல்லை. அது ஓய்ந்தது என்பதுதான் சரி. மில்கள் ஒவ்வொன்றாக மூடின. லட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். போங்கா நின்றது.

அதற்குப் பிறகு நிலம் பேச ஆரம்பித்தது. மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கு, ஒரு பங்கு எளியோர் வீட்டுக்கு, மீதி உரிமையாளருக்கு என்பது 1991-ல் வந்த விதியின் சாரம். 2001-ல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும்தான் அந்தப் பங்கீடு என்றார்கள். மில் நிலம் என்றாலே பெரும்பகுதி கட்டடம்தான். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2006-ல் உச்ச நீதிமன்றம் திருத்தத்துக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. பொது மக்களுக்குக் கிடைக்க வேண்டிய நிலம் சுருங்கிப் போனது.

இன்றைய மும்பை வானவிளிம்பு அந்தத் தீர்ப்பின் படம். லோயர் பரேலில் சீனிவாஸ் மில் இருந்த இடத்தில் 280 மீட்டர் உயர 'வேர்ல்ட் ஒன்' கோபுரம் நிற்கிறது. ஃபீனிக்ஸ் மில் பெரிய மாலாகிவிட்டது. பல இடங்களில் புகைபோக்கியை மட்டும் இடிக்காமல் விட்டு, விளக்கு போட்டு, பாரம்பரியம் என்கிறார்கள்.

இந்த அழகில்தான் நமக்குச் சண்டை. ஆளில்லாத மில்லைப் படம் எடுப்பதில் ஒரு மோகம் உண்டு. உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த சக்கரம், சுவரில் முளைத்த அரசமரம். படத்தில் ஒரு மனிதர் இருக்க மாட்டார். கோபுரத்தையும் தென்னையையும் வரைந்து சேரியை விட்ட அதே கை இது. புகைபோக்கியைக் காப்பாற்றியவர்கள் அதற்குக் கீழே நின்றவருக்கு ஒரு வீடு கொடுக்க ஏன் மறுக்கிறார்கள் என்று அந்தப் படம் கேட்காது. நெசவுக் கொட்டகையின் கதவு யாருக்கு மூடியிருந்தது என்றும் கேட்காது. காலாசௌக்கியில் மூடிய மில் ஒன்றில் மாநகராட்சி துணி ஆலை அருங்காட்சியகம் அமைக்கும் பணியை எடுத்திருக்கிறது. அங்கே ஒரு நாடாவை வைப்பார்கள். அதன் கீழே இருக்கும் குறிப்பில் என்ன எழுதுவார்கள் என்பதுதான் நம் கேள்வி.

இந்து மில்

இனி அந்த மாணவி எடுக்காமல் விட்ட ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சைத்யபூமிக்குப் பக்கத்திலேயே ஒரு மில் இருந்தது. இந்தியா யுனைடெட் மில் எண் 6. மக்கள் வாயில் இந்து மில். 1956 டிசம்பர் 7-ல் தாதர் கடற்கரையில் அண்ணலின் உடலுக்குத் தீ மூட்டியபோது, லட்சக்கணக்கான மக்கள் கூடி நின்ற அந்தக் கரையை ஒட்டித்தான் அந்த மில். மில் மூடிய பிறகு அந்த நிலத்தில் அண்ணலுக்கு நினைவிடம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. வழக்கம்போல மனு, வழக்கம்போல மௌனம். 2011 டிசம்பர் 6-ல் ஆனந்த்ராஜ் அம்பேத்கர் தலைமையில் ரிபப்ளிக்கன் சேனைத் தோழர்கள் வாசலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு மத்திய அரசு நிலத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2015 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 12 ஏக்கர். நூறு அடி பீடத்தின் மேல் 350 அடி உயர அம்பேத்கர் சிலை என்பது திட்டம். வேலை பல வருடம் இழுத்தடிக்கப்பட்டாலும் நடக்கிறது.

சிலை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் அரசுகளை நமக்குத் தெரியும். சிலைக்குக் கொட்டும் பணத்தில் எத்தனை விடுதிகள் கட்டலாம் என்று நம்மிலேயே கேட்கிறவர்கள் உண்டு. கேட்க வேண்டும். ஆனாலும் வரலாற்று மாணவராக அந்த நிலத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். உன் உதடு பட்ட நாடா தீட்டு என்று ஒரு தொழில் முழுக்க நம்மை வெளியே நிறுத்திய நகரம் இது. அந்தத் தொழிலின் நிலம் ஒன்றில், பழைய புகைபோக்கிகள் எல்லாவற்றையும்விட உயரமாக, 1928-ல் அந்தக் கதவைத் தட்டியவரின் உருவம் எழப்போகிறது. அது தானாகக் கிடைக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தவர்களால் கிடைத்தது.

அந்த மாணவிக்கு

படத்தை அழிக்க வேண்டாம் தங்கச்சி. அது அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் புகைபோக்கியை உயிரோடு வைத்திருந்த கைகளில் நம் கையும் உண்டு. அதை ரசிக்கும் உரிமை மால் முதலாளியைவிட உனக்கு அதிகம். நம் முன்னோர் அந்தப் புகையைப் பார்த்துத்தான் ஊரை விட்டு வந்தார்கள். அந்த நம்பிக்கையை வெட்கமாக மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் படத்துக்குக் கீழே எதுவும் எழுதாமல் விடாதே. அந்த மில்லில் எது நூற்பு, எது நெசவு, யார் எங்கே நின்றார்கள், யாருக்குக் கதவு மூடியிருந்தது, மூடிய பிறகு நிலம் யாருக்குப் போனது. ஐந்து வரி போதும். இந்த ஐந்தையும் எந்த ஊர்ப் புகைபோக்கிக்கும் கேட்கலாம். சென்னை மாணவர்கள் பெரம்பூரில் தொடங்கலாம். 1921-ல் பின்னி மில் வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதி மோதலாக மாறிய கதையைத் தனிக் கட்டுரையாக எழுத வேண்டும். வீட்டில் மில்லில் வேலை பார்த்த தாத்தா, பாட்டி இருந்தால் எந்தப் பிரிவில் நின்றார்கள், என்ன கூலி, தண்ணீர் எங்கே குடித்தார்கள் என்று கேட்டு எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

வருகிற டிசம்பரில் மறுபடி தாதர் போகிறவர்கள் லோயர் பரேல் பாலத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இடிபடாமல் ஏதாவது ஒரு ரம்பப் பல் கூரை மிச்சம் இருந்தால் அதைப் படம் எடுத்து வாருங்கள். வடக்குப் பக்கக் கண்ணாடி தெரிய வேண்டும்.